பக்கத்து இருக்கையில் ஒருவர்

சித்தூர் பேருந்து நிலையம்

காலை 7 மணி. சித்தூர் பேருந்து நிலையம்.

வேலூரிலிருந்து வந்த பேருந்து நிற்கிறது. திருப்பதிக்குப் போகும் பேருந்து அது. தமிழ்நாட்டுப் பேருந்து.

ஒரு ஆயா ஏறினார். கையில் பேரன். பேரனுக்கு வயது 6. அவனுக்கு இளைப்பு நோய் உண்டு. பனிக்காலம் வந்தால் மூச்சு வாங்கும். நெஞ்சில் விசில் அடிப்பது போலச் சத்தம் கேட்கும். திருப்பதி ரூயா மருத்துவமனையில் காட்டுவதற்காக அழைத்துப் போகிறார்.

பேரனை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். பேருந்து புறப்பட்டது. கண்டக்டர் சீட்டுக் கொடுத்துக்கொண்டே பின்னால் போனார்.

முன் இருக்கையில் ஒரு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். கட்டட வேலை செய்பவர். சட்டையில் சிமெண்ட் கறை. அவர் பையிலிருந்து ஒரு பீடியை எடுத்தார். பற்ற வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிப் புகையை விட்டார்.

புகை வெளியே போகும் என்று அவர் நினைத்தார். ஆனால் பேருந்து முன்னால் ஓடுகிறது. காற்று பின்னால் வீசுகிறது. முன் ஜன்னலில் விட்ட புகை பின் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நேராகப் பேரன் முகத்தில் அடித்தது.

பேரன் இருமினான். ஒரு முறை. இரண்டு முறை. இருமல் நிற்கவில்லை.

ஆயாவுக்குப் பதைத்தது. முந்தானையால் பேரனின் மூக்கை மூடினார். சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆயாவும் முன்பெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டார். "நமக்கு என்ன தெரியும்? ஏதாவது கேட்டால் நம்மைத் திட்டுவார்களோ?" என்று வாயை மூடிக்கொள்வார்.

இன்று அவர் கண் மேலே போனது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஏதோ எழுதியிருந்தது. இரவு வகுப்பில் கற்ற எழுத்துகள். ஆயா ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார்.

பு - கை. புகை.

பி - டி - க் - கா - தீ - ர். பிடிக்காதீர்.

புகை பிடிக்காதீர்!

ஆயாவுக்கு நெஞ்சில் தைரியம் வந்தது. இது தன் வீட்டுச் சண்டை இல்லை. எல்லோருக்கும் பொதுவான விதி. அது எழுதியே இருக்கிறது.

ஆயா பேசினார்

ஆயா சண்டை போடவில்லை. முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, பீடியை அணைச்சிடுப்பா. புகை புள்ள மூஞ்சியில அடிக்குது. அவனுக்கு இளைப்பு. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். இருமும் பிள்ளையைப் பார்த்தார். உடனே பீடியைச் செருப்பில் தேய்த்து அணைத்தார்.

"மன்னிச்சிடும்மா. புகை வெளியே போவுதுன்னு நெனச்சேன்."

"பலகையிலயும் எழுதியிருக்கு பாரு, தம்பி."

"எங்கேம்மா?"

ஆயா கையைக் காட்டினார். மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்கு எழுத்து தெரியாதும்மா. இருபது வருஷமா பஸ்ல போறேன். அதுல கம்பெனிப் பேரு எழுதியிருக்குன்னு நெனச்சேன்."

ஆயா சிரிக்கவில்லை. போன வருடம் வரை அவருக்கும் அப்படித்தான்.

அதற்குள் கண்டக்டர் வந்தார். நடந்ததைக் கேட்டார். அவர் மேஸ்திரியைத் திட்டவில்லை. தோளில் கை வைத்துச் சொன்னார்.

"அண்ணா, திருமலைக்குப் போயிருக்கியா?"

"வருஷம் ஒரு தடவை போவேன் சார்."

"அலிபிரியில பீடி, சிகரெட் எல்லாம் எடுத்துப் போட்டுட்டுத்தானே மேலே போவோம்? மலை மேல ஒரு நாள் பூரா பீடி இல்லாம இருப்ப. இந்த பஸ்ல இரண்டு மணி நேரம் இருக்க முடியாதா?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். "சாமிக்குப் பயந்து இருந்துடறேன் சார்."

"சாமிக்காக நிறுத்தறே. இந்தப் புள்ளைக்காகவும் நிறுத்து."

மேஸ்திரி சொன்னார்

பேருந்து போய்க்கொண்டே இருந்தது. பேரனுக்கு இருமல் நின்றது. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. அழுதான்.

ஆயா செல்போனை எடுத்தார். பொம்மைப் படம் போட்டுக் கொடுத்தார். பேரன் சத்தத்தை முழுதாக வைத்தான். பூனை கத்தியது. எலி கத்தியது. மேளம் அடித்தது. பேரன் சிரித்தான். ஆயாவுக்கு நிம்மதி.

மேஸ்திரி முன் கம்பியில் தலை சாய்த்திருந்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். காதைப் பொத்தினார். கடைசியில் திரும்பினார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருக்கா. நேத்து ராத்திரி பூரா அங்கே உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில ஊருக்கு வந்து பணம் புரட்டிக்கிட்டு மறுபடி போறேன். கண்ணு எரியுது."

ஆயாவுக்கு முதலில் கோபம் வந்தது. "சின்னப் பிள்ளை பார்க்கிறது. இதுகூடக் கூடாதா?" என்று வாய் வரை வந்துவிட்டது.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் தான் கேட்டதும், இப்போது அவர் கேட்பதும் ஒன்றுதானே? புகை காற்றில் வருகிறது. சத்தமும் காற்றில் வருகிறது. புகைக்கு மூக்கை மூடலாம். சத்தத்துக்குக் காதை மூடலாம். ஆனால் எவ்வளவு நேரம் மூட முடியும்?

ஆயா செல்போனை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினார். "படத்தை மட்டும் பாருடா கண்ணு. மாமா தூங்கட்டும்."

மேஸ்திரி கை கூப்பினார். சந்திரகிரி வரும் வரை நன்றாகத் தூங்கினார்.

ஒரே பேருந்தில் இரண்டு பேர். இருவரும் கெட்டவர்கள் இல்லை. இருவருக்கும் கவலை உண்டு. இருவரும் தெரியாமல் மற்றவருக்குத் தொல்லை கொடுத்தார்கள். சொன்னதும் இருவரும் கேட்டுக்கொண்டார்கள். இதற்குப் பெயர்தான் இங்கிதம். அடுத்தவர் மனம் நோகாமல், உடல் நோகாமல் நடந்துகொள்வது.

அடுத்தவர் விடும் புகை

"அவன் பீடி பிடிக்கிறான். அவன் உடம்புதானே கெடும்? நமக்கு என்ன?" என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனப் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 பொருட்கள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பீடி முனையிலிருந்து எழும் புகையும், பிடிப்பவர் வெளியே விடும் புகையும் கலந்து காற்றில் பரவும். பக்கத்தில் இருப்பவர் மூச்சில் அது போகும்.

இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் ஜப்பான் நாட்டு மருத்துவ அறிஞர் தகேஷி ஹிராயாமா. அவர் 91,540 பெண்களை 14 ஆண்டுகள் கவனித்தார். அந்தப் பெண்கள் யாரும் புகைப்பவர்கள் அல்ல. ஆனால் பலருடைய கணவர்கள் புகைப்பவர்கள். கணவர் அதிகமாகப் புகைத்தால், மனைவிக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. இந்த முடிவு 1981ஆம் ஆண்டு வெளியானது. பீடியைத் தொடாத பெண்ணுக்கும் பீடியால் நோய் வரும் என்று அப்போது பலருக்கும் புரிந்தது.

குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களைவிட அவர்கள் வேகமாக மூச்சு விடுவார்கள். புகை பட்டால் இளைப்பு அதிகமாகும். சளிக் காய்ச்சல் வரும். காதில் சீழ் வரும். கர்ப்பிணிப் பெண் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கலாம்.

சிலர் "சிகரெட்தான் கெடுதல். பீடி இலைதானே?" என்பார்கள். அதுவும் தவறு. பீடி அடிக்கடி அணைந்துபோகும். அணையாமல் இருக்க வேகமாக இழுக்க வேண்டும். அதனால் பீடிப் புகையில் தாரும் நிகோடினும் அதிகமாக உள்ளே போகும்.

சட்டம் வந்த கதை

பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற சட்டம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சாதாரண மக்கள் கேட்டதால் வந்தது.

ரயிலில் முதலில் ஒரு விதி இருந்தது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 167ஆம் பிரிவில் அது இருக்கிறது. பெட்டியில் இருக்கும் ஒரு பயணி "வேண்டாம்" என்று சொன்னால், மற்றவர் அங்கே புகைக்கக் கூடாது. கவனித்தீர்களா? ஒருவர் வாய் திறந்து சொன்னால் போதும். ஆனால் வாய் திறக்க வேண்டும்.

கேரளத்தில் பொதுமக்கள் இருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். "மற்றவர் விடும் புகையால் எங்களுக்குக் கெடுதல்" என்று வழக்குப் போட்டார்கள். 1999ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பொது இடங்களில் புகைப்பது சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது.

அடுத்து, மும்பையைச் சேர்ந்த முரளி தேவ்ரா உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2001ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் ஆகிய இடங்களில் நாடு முழுவதும் புகைக்கத் தடை வந்தது. புகைக்காத ஒருவரின் உயிர் வாழும் உரிமையை மற்றவர் புகை பறிக்கக் கூடாது என்பதே அதன் கருத்து.

2003ஆம் ஆண்டு நாடாளுமன்றம் புகையிலைச் சட்டத்தை இயற்றியது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. வேலை செய்யும் இடங்கள், சினிமாக் கொட்டகை, கேண்டீன் எல்லாம் தடைக்குள் வந்தன. ரயில் நிலையமும் பேருந்து நிறுத்தமும்கூடப் பொது இடம்தான். அங்கும் புகைக்கக் கூடாது.

அயர்லாந்து என்ற சிறிய நாடு 2004ஆம் ஆண்டு மார்ச்சில் எல்லா வேலை இடங்களிலும் புகைக்கத் தடை போட்டது. மதுக் கடைகளிலும் தடை. அதன் பிறகு பல நாடுகள் அதே வழியில் போயின.

பலகையில் என்ன இருக்கும்?

பொது இடத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். அளவு 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம். அதில் புகையும் சிகரெட் படம் இருக்கும். படத்தின் மேல் சிவப்புக் கோடு இருக்கும். "இது புகை பிடிக்கக் கூடாத இடம். இங்கே புகைப்பது குற்றம்" என்ற பொருளில் எழுதியிருக்கும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் பலகைகள் பெரும்பாலும் தெலுங்கில் இருக்கும். தமிழ் படிக்கக் கற்றவர்கள் கவலைப்பட வேண்டாம். "பொக த்ராகராது" என்று யாராவது படித்துச் சொன்னால், அது புகை பிடிக்கக் கூடாது என்று அர்த்தம். எழுத்து தெரியாவிட்டாலும் சிவப்புக் கோடு போட்ட படத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

பலகையில் இன்னொன்றும் இருக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்ற விவரம். அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் புகைப்பதைத் தடுக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி எதுவும் அங்கே வைக்கக் கூடாது.

மீறிப் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீதைப் படித்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. 18 வயது ஆகாதவர்களுக்குப் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரிக்கு 100 கெஜ தூரத்துக்குள் விற்கக் கூடாது. ஆகவே, "கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கி வாடா" என்று பிள்ளையை அனுப்பாதீர்கள்.

வீட்டுக்குள் இந்தச் சட்டம் வராது. திறந்த தெருவில் நடக்கும்போதும் பெரும்பாலும் வராது. அங்கே சட்டம் இல்லை. இங்கிதம்தான் இருக்கிறது. வீட்டில் பிள்ளை இருந்தால் வெளியே போய்ப் பிடிக்கலாம். பிடிக்காமலே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் கிடையாது.

செல்போனும் நாமும்

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத் தெரு. மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் கையில் ஒரு பெரிய போன். செங்கல் மாதிரி இருந்தது. தெருவில் நின்றபடியே பேசினார். கையில் பிடித்துக்கொள்ளும் செல்போனில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் செல்போன் பேச்சு தொடங்கியது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து பேசினார். டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்தக் காலத்தில் பேசினாலும் காசு. வந்த பேச்சைக் கேட்டாலும் காசு. அதனால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு கேட்பவருக்குக் கட்டணம் இல்லாமல் போனது. பேச்சு நீண்டது.

இன்று பூ விற்பவர் கையில் செல்போன் இருக்கிறது. ஆடு மேய்ப்பவர் கையிலும் இருக்கிறது. நல்லதுதான். ஊரில் இருக்கும் மகள் குரலைக் கேட்கலாம். தக்காளி விலை விசாரிக்கலாம். ஆபத்தில் ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

ஆனால் பொது இடத்தில் செல்போன் தொல்லையாகவும் ஆகிறது. ஒருவர் பாட்டு வைக்கிறார். ஒருவர் படம் பார்க்கிறார். ஒருவர் கத்திப் பேசுகிறார். ஐம்பது பேர் இருக்கும் பேருந்தில் ஐந்து பேர் இப்படிச் செய்தால் சந்தை இரைச்சல்தான்.

இதற்கும் விதிகள் வந்திருக்கின்றன. 2021ஆம் ஆண்டு கர்நாடக அரசுப் பேருந்துகளில் மற்றவர் காதில் விழும்படி செல்போனில் பாட்டு வைக்கத் தடை வந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ரயில்வே ஓர் உத்தரவு போட்டது. இரவு 10 மணிக்கு மேல் ரயிலில் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது. சத்தமாகப் பேசவும் கூடாது. தொல்லை இருந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம். அல்லது 139 என்ற எண்ணில் சொல்லலாம்.

கோயிலிலும் விதி உண்டு. திருமலைக் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஒப்படைக்கும் இடத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களிலும் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது.

வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்துப் பேசுவது சட்டப்படி குற்றம். அது தொல்லை மட்டும் இல்லை. உயிருக்கே ஆபத்து.

கத்திப் பேசுவதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. அது பேசுபவருக்கே வரும் நஷ்டம். "பணம் எடுத்துக்கிட்டு தனியா வர்றேன்" என்று பேருந்தில் கத்தினால், திருடன் காதிலும் விழும். வங்கிக் கணக்கு எண், ஏ.டி.எம். ரகசிய எண், செல்போனில் வரும் ஓ.டி.பி. எண் ஆகியவற்றைப் பலர் முன்னால் சொல்லவே கூடாது. யாராவது போனில் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். உங்கள் வங்கி அதை உங்களிடம் கேட்காது.

எப்படிச் சொல்வது?

தொல்லை வந்தால் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். சிலர் கடைசியில் வெடித்துச் சண்டை போடுவார்கள். இரண்டும் வேண்டாம். இப்படிச் செய்து பார்க்கலாம்:

1. முதலில் மெதுவாகச் சொல்லுங்கள். "அண்ணா", "அம்மா", "தம்பி" என்று முறை வைத்துக் கூப்பிடுங்கள்.

2. என்ன தொல்லை என்று சொல்லுங்கள். "உனக்கு அறிவு இல்லையா?" என்று கேட்காதீர்கள். "பிள்ளைக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லுங்கள். திட்டினால் அவருக்கு ரோஷம் வரும். காரணம் சொன்னால் மனம் இளகும்.

3. பலகை இருந்தால் காட்டுங்கள். விதி எல்லோருக்கும் பொது என்று அவருக்கும் தெரியட்டும்.

4. கேட்காவிட்டால் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். பேருந்தில் கண்டக்டர். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். மருத்துவமனையில் காவலர் அல்லது நர்ஸ்.

5. குடித்திருப்பவரிடமோ, அடிக்க வருபவரிடமோ தனியாக வாதாடாதீர்கள். இடம் மாறி உட்காருங்கள். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

6. நம்மிடம் யாராவது அப்படிச் சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது.

திருப்பதியில்

பேருந்து திருப்பதி வந்து சேர்ந்தது. ஆயாவும் பேரனும் இறங்கினார்கள். மேஸ்திரியும் இறங்கினார். இருவருக்கும் ஒரே மருத்துவமனைதான் போக வேண்டும். சேர்ந்தே போனார்கள்.

மருத்துவமனை வாசலில் மேஸ்திரியின் கை தானாகப் பைக்குள் போனது. கவலை வந்தால் அவருக்குப் பீடி வேண்டும். பழக்கம்.

சுவரில் ஒரு பலகை. தெலுங்கு எழுத்து. ஆயாவுக்கும் அந்த எழுத்து தெரியாது. மேஸ்திரிக்கும் தெரியாது. ஆனால் சிகரெட் படம் இருந்தது. அதன் மேல் சிவப்புக் கோடு இருந்தது.

மேஸ்திரி படத்தைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தார். கையில் பீடி இல்லை.

"இதை நானே படிச்சிட்டேன்மா" என்றார்.

ஆயா சிரித்தார். "மீதி எழுத்தையும் படிக்கலாம் தம்பி. எங்க தெருவில ராத்திரி 7 மணிக்கு வகுப்பு. பீடி பிடிக்கிற நேரம்தான் ஆகும், வந்து பாரு."

"வர்றேம்மா. அவ வீட்டுக்கு வரட்டும். இரண்டு பேருமா வர்றோம்."

பேரன் மேஸ்திரிக்குக் கை காட்டினான். அவர் மாடிப்படி ஏறிப் போனார். ஆயா குழந்தைகள் பிரிவு எங்கே என்று கேட்டுக்கொண்டு நடந்தார். செல்போன் மணி அடித்தது. வீட்டிலிருந்து மகள். ஆயா சுவர் ஓரமாக ஒதுங்கினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம். ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கேன். வெளியே வந்து பேசறேன்."

நினைவில் வைப்போம்

பீடி நம் கையில் இருக்கும். புகை எல்லோர் மூச்சிலும் போகும்.

செல்போன் நம் கையில் இருக்கும். சத்தம் எல்லோர் காதிலும் விழும்.

பொது இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் சொந்தமான இடம் அது.

பேசிப் பாருங்கள்

1. ஆயா பேசுவதற்கு முன் வேறு யாரும் ஏன் பேசவில்லை?

2. மேஸ்திரி சத்தத்தைக் குறைக்கச் சொன்னபோது ஆயாவுக்கு ஏன் கோபம் வந்தது? பிறகு ஏன் தணிந்தது?

3. உங்கள் ஊர்ப் பேருந்தில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் என்ன தொல்லைகள் இருக்கின்றன? அவற்றை எப்படிச் சொல்லலாம்?

4. உங்களால் மற்றவர்களுக்கு வரும் தொல்லை ஏதாவது உண்டா?

சரியான சொல்லை எழுதுங்கள்

1. பேருந்தில் புகை ____________. (பிடிக்கலாம் / பிடிக்கக் கூடாது)

2. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் ______ ரூபாய் வரை. (20 / 200)

3. ரயிலில் இரவு ______ மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது. (10 / 12)

4. ஓ.டி.பி. எண்ணை மற்றவரிடம் ____________. (சொல்லலாம் / சொல்லக் கூடாது)

செய்து பாருங்கள்

அடுத்த முறை பேருந்தில் போகும்போது உள்ளே எழுதியிருப்பதை எல்லாம் படியுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வகுப்பில் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் படித்துச் சொல்லுங்கள்.